மூன்று சுற்று தளர்ந்த கதவு

கடலோரக் கரும்பு ஊரான எங்கள் மெரிண்டியில் புயல் காலம் தொடங்கிவிட்டதா என்று வானத்தைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை. நவம்பர் முதல் சனிக்கிழமை ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் வாட்டும் புகை கிளம்பும். அந்தப் புகைக்குப் பக்கத்தில் நெவில் பாஸ்கோ ஒரு பழைய கராஜ் கதவைச் சட்டம் போட்டு நிறுத்திவைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பான். அதைக் கேட்டதும் ஊர் போய் டின் உணவும் பேட்டரியும் வாங்கிக்கொள்ளும். வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டாலும் எங்களுக்கு அவன் இன்னும் நெவ்தான். நாங்கள் பார்க்க வளர்ந்தவன், எங்களைப் பார்த்து வளர்ந்தவன்.

சாதாரண நாளில் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாத மனிதன் அவன். கல்லுளிமங்கன். ஆனால் கராஜ் கதவு என்று வந்துவிட்டால் அவன் நாக்கில் யாரோ எண்ணெய் விட்டமாதிரி ஆகிவிடும்.

"கரண்டு போச்சுன்னா உங்க கதவு செத்துப்போகல. மோட்டார்தான் செத்திருக்கு," என்பான். "கதவோட உயிர் மேல ஸ்பிரிங்குல இருக்கு. எண்பது கிலோ கதவை அதுதான் தாங்குது, நீங்க இல்ல. மோட்டார்லேர்ந்து தொங்குதே இந்தச் சிவப்புக் கயிறு, இதை இழுத்தா மோட்டார் கதவை விட்டுடும். அப்புறம் ஒரு கையால தூக்கிட்டு காரை எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். ஆனா இழுக்கறதுக்கு முன்னாடி கதவு தரையில உக்காந்திருக்கணும். பாதியில நிக்கிற கதவுல கயிறை இழுக்காதீங்க. ஸ்பிரிங் நல்லா இருந்தா பொழைச்சீங்க. இல்லாட்டி கதவு உங்க மேலதான் உக்காரும்."

"டேய் நெவ், சாசேஜுக்கு பிரெட் தீரப்போவுது. சீக்கிரம் முடி," என்று கத்துவான் டாரில். கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். அந்த இயந்திரத்துக்கு மேலே கேட்கிறமாதிரி பேசிப் பழகியதால் கோயிலிலும் அப்படித்தான் பேசுவான்.

"ஸ்பிரிங்கை மட்டும் யாரும் தொடாதீங்க," என்று முடிப்பான் நெவ். "முப்பத்தொம்பது வருஷமா தொடறேன், எனக்கே இன்னும் பயம்."

அந்த முப்பத்தொன்பது வருடத்துக்கும் காரணம் ஒரு புயல்தான். நெவ்வுக்குப் பத்தொன்பது வயது. அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். பையனும் அங்கேயே போவான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரு பிப்ரவரியில் அடித்த காற்று எதிர்வீட்டு கராஜ் கதவை உள்ளே அழுத்தியது. உள்ளே போன காற்று வெளியே வர வழி கேட்டு, கூரையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை அந்தக் கூரையைக் கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் கண்டுபிடித்தார்கள். மின்விசிறி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நெவ் அந்த விசிறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் கதவு போடுகிறவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவர் ஓய்வு பெற்றதும் வேனை வாங்கிக்கொண்டான்.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. ஜனெல் என்று பெயர். நீச்சல்குளம் விற்கிறவன் ஒருவனோடு அவள் பெர்த்துக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததும் மனசு கேட்காமல் ஒருநாள் ஃபோன் பண்ணினாளாம். "அங்க கராஜ் கதவு நல்லா ஓடுதா?" என்று மட்டும் கேட்டானாம் நெவ். அவன் அப்படித்தான். அன்பாக ஏதாவது சொல்லவேண்டிய இடம் வந்தால் அவன் வாயிலிருந்து கதவுதான் வரும்.

இந்த லட்சணத்தில் அவன் கார்மெல் சர்டோரி மேல் ஆசை வைத்தான்.

கார்மெல் தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவள். கடலோரத் தெருவில் வீடு. கணவர் ஆல்டோ இறந்து ஆறு வருடம் ஆகிறது. சர்டோரி குடும்பம் மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்டவர்கள். அவர்கள் வீட்டில் நின்றுகொண்டு யாரும் எதையும் சாப்பிட முடியாது, உட்கார வைத்துவிடுவார்கள். போன மார்ச்சில் அவள் தன் கராஜுக்குக் காற்றைத் தாங்கும் புதுக் கதவு ஒன்று போடச் சொன்னாள். அந்தத் தெருவிலேயே பலமான கதவு. நெவ் போட்டுக் கொடுத்தான். அதற்கப்புறம் பதினொரு மாதத்தில் பதினொரு முறை அந்தக் கதவு மக்கர் பண்ணியது.

"நெவ், கதவு மறுபடியும் திறக்க மாட்டேங்குதே," என்பாள் ஃபோனில்.

போய்ப் பார்ப்பான். மோட்டாரின் பிளக் கழன்றிருக்கும். மாட்டிவிடுவான்.

"எப்படிங்க அது தானா கழண்டுக்குது?"

"பல்லி," என்பான் நெவ், மேலே பார்த்துக்கொண்டே.

"அப்படியா. சரி, லசான்யா சூடா இருக்கு. உக்காருங்க."

பல்லி போய்ப் பிளக்கைப் பிடுங்குமா என்று நீங்கள் கேட்கலாம். பப்பில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். "எங்க வீட்டுப் பல்லிக்கு பீர் ஃபிரிட்ஜைக்கூட திறக்கத் தெரியாது. அங்க உள்ளது லசான்யாவே பண்ணுதாம்," என்றான் டாரில். நெவ் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. பல்லி என்று நம்பினால்தான் அடுத்த முறையும் போகலாம். வேறு ஏதோ என்று வாயைத் திறந்தால் அது என்ன என்று பேசவேண்டி வரும்.

பேச அவன் முயலாமலும் இல்லை. வேனில் போகும்போது ஸ்டீயரிங்கிடம் முழுதாகச் சொல்லிப் பார்ப்பான். 'கார்மெல், நான் தனியா இருக்கேன், நீங்களும் தனியா இருக்கீங்க, எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.' ஸ்டீயரிங் மறுப்பேதும் சொன்னதில்லை. வீட்டுக்குள் போய், சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லுவான்: "கதவு உருளைக்கெல்லாம் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கேன்." பதினொரு முறையும் இதுதான் நடந்தது.

பிப்ரவரியில் பன்னிரண்டாவது முறை ஃபோன் வந்தது, ஒரு திங்கட்கிழமை. இந்த முறை பிளக் மாட்டித்தான் இருந்தது. கதவும் ஓடியது. அதுவே நெவ்வுக்குப் பயமாக இருந்தது.

"கதவுக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட சொல்லணும்னு கூப்பிட்டேன்," என்றாள் கார்மெல். "அடிலெய்ட்ல என் தங்கச்சி ரீட்டா இருக்காள்ல, அவ வந்து இருன்னு ரொம்ப நாளா கூப்பிடறா. அடுத்த திங்கள் பிளேனுக்கு டிக்கெட் போட்டாச்சு. முதல்ல மூணு மாசம். அப்புறம் பார்க்கலாம்."

மூன்று மாதம் என்று தெற்கே போனவர்கள் யாரும் மெரிண்டிக்குத் திரும்பி வந்ததில்லை. வீட்டை வாடகைக்கு விடுவார்கள், பிறகு விற்பார்கள், பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள். கார்மெல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள் என்பது ஜன்னலில் இருந்த பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"அடிலெய்ட்ல காத்து கம்மி," என்றான் நெவ். "கதவுக்கு நல்லது."

"அப்படியா," என்றாள் கார்மெல். அன்று லசான்யா இல்லை.

அவள் உள்ளே போன பிறகு நெவ் கராஜில் தனியாக நின்றான். அப்புறம் அவன் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. ஏணியை வைத்து ஏறினான். இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் முனையில் மாற்றி மாற்றிச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக, மூன்று முழுச் சுற்று தளர்த்தினான். கதவு கனத்துப்போகும், மோட்டார் திணறும், முனகும். புதன்கிழமைக்குள் அவள் ஃபோன் பண்ணுவாள். அப்போது வந்து சரிசெய்துவிட்டு, கட்டாயம் சொல்லிவிடலாம். முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு கதவுக்கும் செய்யாத துரோகம்.

புதன்கிழமை ஃபோன் வந்தது. ஊரிலுள்ள எல்லோரிடமிருந்தும் வந்தது, கார்மெலைத் தவிர.

கடலுக்குள் பெர்னிஸ் என்ற புயல் உருவாகி எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வழக்கம்போல எல்லோரும் கடைசி நிமிடத்தில் கதவுக்கு முட்டுக் கம்பம் கேட்டார்கள். நெவ் இருபத்தாறு வீட்டுக்கு ஓடினான். கார்மெலின் கதவு காற்றைத் தாங்கும் கதவு, அதற்கு முட்டு வேண்டாம். அவள் கூப்பிடவும் இல்லை. அவளும் அந்த நாட்களில் காரையே எடுக்கவில்லை, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை நெவ் அந்தத் தெரு வழியாகப் போனான். இரண்டாவது முறை வேனை நிறுத்தவே செய்தான். ஆனால் கராஜ் வாசலில் தெருவே கூடியிருந்தது.

புயலுக்கு முன்னால் முற்றத்தில் பறக்கக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத்தொட்டி, எல்லாம் உள்ளே போகவேண்டும். கடலோரத் தெருவில் பலமான கராஜ் கார்மெலுடையது என்பதால், தெரு மொத்தமும் தன் சாமான்களை அங்கே கொண்டுவந்து இறக்கியது. டாரிலின் பேரப்பிள்ளைகள் குதிக்கும் டிராம்போலின், ஒரு படகு, மூன்று பார்பெக்யூ அடுப்பு, ஒன்பது குப்பைத்தொட்டி, பிப்ரவரி வரை கழற்றாமல் விட்டிருந்த கிறிஸ்துமஸ் கலைமான்கள் இரண்டு, பக்கத்து வீட்டு மாவிஸின் நான்கு கோழிகள் கூண்டோடு. கார்மெலின் சின்ன வெள்ளைக் கார் கதவைப் பார்த்தபடி நடுவில் நின்றது. அதன் பின்னாலும் பக்கத்திலும் கூரைமேலும் சாமான்கள் ஏறின. கார் வெளியே போகவேண்டி வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நெவ்வைப் பார்த்ததும், "வந்து ஒரு கை பிடிடா," என்றான் டாரில். நெவ் ஒரு கலைமானைத் தூக்கி உள்ளே வைத்தான். இத்தனை பேர் முன்னால் என்ன சொல்லிக்கொண்டு ஏணியை விரிப்பது? போய்விட்டான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வானொலி குரல் மாறியது. புயலோடு கடல் ஏறி வரக்கூடும், கடலோரத் தெருக்காரர்கள் மூன்று மணிக்குள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவேண்டும் என்றது. நெவ் ஊரின் மறுகோடியில் ஒரு கதவுக்கு முட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு வேனை எடுத்தான். மழை குறுக்காக அடித்தது. தென்னை ஓலைகள் ரோட்டில் உருண்டன. ஸ்டீயரிங்கிடம் இந்த முறை அவன் பேசியதெல்லாம் கெட்ட வார்த்தைகள்தான், எல்லாம் தன்னைப் பற்றி.

அவன் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சி இது. கார்மெலின் கராஜ் கதவு இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. அதற்கு அடியில் நீலக் கால்பந்து டிரவுசர் போட்ட டாரிலின் பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. மீதி டாரில் உள்ளே இருந்தான். மாவிஸ் குடையோடு நின்றார். குடையில் கம்பிகள் மட்டும்தான் மிச்சம். தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது என்னவென்றால், மாவிஸையும் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று கார்மெல் வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வந்து பட்டனை அழுத்தியிருக்கிறாள். கதவு முனகி முனகி இடுப்பு உயரம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஊருக்கே கரண்டு போய்விட்டது. அதே நேரம் டிராம்போலின் சரிந்து வீட்டுக்குள் போகிற கதவையும் அடைத்துவிட்டது. மாவிஸ் கோழி இல்லாமல் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்க, டாரில் கோழிக்கூண்டை இழுக்கக் குனிந்து நுழைந்தான். நுழைந்தவன், போகிற போக்கில் கதவையும் முதுகால் தூக்கிவிடலாம் என்று முடிவு செய்தான்.

"டாரில், தயாரா?" கார்மெலின் குரல் உள்ளே உயரத்திலிருந்து வந்தது. அவள் காரின் முன்பக்கத்தில் ஏறி நின்றிருந்தாள். "கயிறு கைக்கு வந்துடுச்சு. மூணு எண்ணுவேன். ஒண்ணு. ரெண்டு."

"கயிறை விடுங்க," என்று கத்தினான் நெவ். அவன் அவ்வளவு சத்தம் போட்டு ஊரில் யாரும் கேட்டதில்லை. காற்றே ஒரு நிமிடம் நின்றமாதிரி இருந்தது.

"நெவ்வா? வந்துட்டீங்களா?" என்றாள் கார்மெல். "நீங்கதான சொன்னீங்க, கரண்டு போனா சிவப்புக் கயிறை இழுன்னு."

"கதவு தரையில இருக்கும்போதுன்னு சொன்னேன்."

"ஸ்பிரிங் நல்லா இருந்தா பாதியிலயும் பொழைக்கலாம்னு சொன்னீங்களே. இது புதுசு. போன மார்ச்சுல போட்டது."

"அட, நான் தாங்கிக்கறேன்டா," என்றது டாரிலின் குரல். "ஆல்டோவோட பியானோவையே தனியா தூக்கினவன் நான். நீ எண்ணு கார்மெல்."

நெவ் முட்டிபோட்டு உட்கார்ந்தான். ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். பல்லி புகுந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் தேய்ந்த ஸ்பிரிங் என்று கேட்டால் டாரில் இன்னும் உற்சாகமாக முதுகைக் கொடுப்பான். எவ்வளவு கனம் வந்து விழும் என்று துல்லியமாகத் தெரிந்தவன் சொன்னால்தான் நிற்பான். அது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

"டாரில், கேளு. முப்பத்தஞ்சு கிலோ, மேலேர்ந்து, நேரா உன் முதுகெலும்பு மேல விழும். தேய்ஞ்சதால இல்ல. ஸ்பிரிங் மூணு சுத்து தளர்ந்திருக்கு. எனக்குத் தெரியும். திங்கக்கிழமை நான்தான் தளர்த்தினேன்."

உள்ளே ஒரு கோழி கொக்கரித்தது.

"ஏன்?" என்றாள் கார்மெல்.

நெவ் மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "கதவு ஓடலைன்னா நீங்க என்னைக் கூப்பிடுவீங்க. திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு தடவை உங்களைப் பார்க்கணும். பார்த்து, போகாதீங்கன்னு சொல்லணும்னு நினைச்சேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும், கார்மெல். பதினொரு மாசமா சொல்ல வந்து எண்ணெய் விட்டுட்டுப் போறேன்."

"நான் வெளிய வந்தப்புறம் இதைப் பேசக் கூடாதா?" என்று கேட்டான் டாரில்.

அதற்கப்புறம் நெவ் மறுபடி கதவுக்காரன் ஆனான். வேனிலிருந்து இரண்டு இரும்பு முட்டுக் கம்பங்களைக் கொண்டுவந்து கதவின் இரண்டு ஓரத்திலும் நிறுத்தி இறுக்கினான். அதன் பிறகுதான் டாரிலை, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக, வெளியே இழுத்தார்கள். அவன் கையோடு கோழிக்கூண்டும் வந்தது. நெவ் தெருக்காரர்களை வரிசையாக நிற்கவைத்தான். உள்ளங்கை மேலே பார்க்க, விரல் எந்த இணைப்பிலும் போகாமல், கதவின் அடி விளிம்பைப் பிடிக்கச் சொன்னான். மாவிஸும் வந்து பிடித்தார். எண்பத்தொரு வயதில் அவர் எவ்வளவு தூக்கினார் என்பது வேறு விஷயம்.

"இப்ப இழுங்க," என்றான் நெவ்.

கார்மெல் இழுத்தாள். கனம் கைகளில் இறங்கியது. "யப்பா," என்றான் டாரில், அது தன் முதுகில் இறங்கியிருக்கவேண்டியது என்று புரிந்தவனாக. தேர் கிளம்பியமாதிரி ஏழு பேரும் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு கதவைத் தலைக்கு மேலே ஏற்றினார்கள். நெவ் கதவு ஓடும் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் இடுக்கியைப் பூட்டினான், கதவு இறங்காதபடி. அவன் சொன்னதைச் செய்தார்கள், செய்துகொண்டே சிரித்தார்கள், மழை வாயில் போனது. அந்த ஐந்து நிமிடம் போல ஒரு சந்தோஷத்தை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

கார் வெளியே வந்தது, கூரையில் ஒரு கலைமானோடு. மாவிஸும் கோழிகளும் பின்சீட்டில் ஏறினார்கள். கார்மெல் நெவ் பக்கம் கண்ணாடியை இறக்கினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காது கொடுத்தார்கள். அவள் அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கதவை மெல்ல இறக்கிப் பூட்டிவிட்டு நெவ் கடைசி ஆளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவனோ வாயைத் திறந்த ஒரே நாளில் கெட்டான். கூடத்தில் நுழைந்ததும் பப் கூட்டம் மொத்தமும் அவனைச் சுற்றிக்கொண்டது. "நெவ், என் கதவும் கொஞ்சம் கனக்குது. என்மேலயும் ஆசையா?" என்றான் ஒருவன். "உன்னைப் பார்க்க வர்றதுன்னா அவன் கதவை ஆணி அடிச்சு மூடிட்டு வருவான்," என்றான் இன்னொருவன். டாரில் தன் முதுகைக் காட்டிக் காட்டி, விழாத கதவின் எடையை நாற்பது, ஐம்பது என்று ஏற்றிக்கொண்டே போனான்.

நெவ்வால் சிரிக்க முடியவில்லை. அவன் வெட்கம் இந்தக் கேலியால் வந்ததல்ல. ஊர் முழுக்கத் தன் கதவின் கீழ் தைரியமாக நடந்தது அவன் கைபட்ட கதவு என்ற ஒரே காரணத்தால். அந்தக் கையால்தான் அவன் தளர்த்தினான். கூடத்தின் அந்தப் பக்கம் கார்மெல் மாவிஸோடு உட்கார்ந்து கோழிகளுக்கு பிரெட் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திங்கட்கிழமை போய்விடுவாள் என்று அவன் தீர்மானமாக நினைத்தான். போகட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தான்.

பெர்னிஸ் எங்களை ஏமாற்றிவிட்டு மாலையில் தெற்கே கரையேறியது. கடல் கார்மெலின் வேலி வரை வந்து, மணலைத் தந்துவிட்டுத் திரும்பியது. மாமரக் கிளைகள் முறிந்தன, இரண்டு மின்கம்பங்கள் சாய்ந்தன. விமானங்கள் சனிக்கிழமையே பறக்கத் தொடங்கிவிட்டன.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நெவ் ஏணியோடு கார்மெல் வீட்டு வாசலில் நின்றான். புயல் நாட்களை விட்டுவிட்டால், யாரும் கூப்பிடாமல் அவன் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெருக்காரர்கள் தங்கள் சாமான்களை எடுத்துப்போயிருந்தார்கள். கராஜ் காலியாக இருந்தது. கார்மெல் கையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"பிளக்கைப் பிடுங்கினது நான்தான்," என்றாள். "பதினொரு தடவையும். உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிளக்கைப் பிடுங்கினா யார் முதுகும் உடையாது, நெவ்."

"தெரியும்." அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "டாரில் அதுக்கு அடியில இருந்தான். நான் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா அவன் இன்னைக்கு நடக்க மாட்டான். அதுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன், மன்னிக்கக்கூடிய விஷயம் இல்ல. நீங்க போறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணிட்டுப் போகணும், அதுக்குத்தான் வந்தேன்."

"பண்ணு."

அவன் ஏணியில் ஏறினான். கம்பிகளைச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக, உரக்க எண்ணிக்கொண்டே முறுக்கினான், அவளுக்குக் கேட்கவேண்டும் என்று. நடுவில் அவள் ஃபோன் அடித்தது. "ரீட்டா, அப்புறம் பேசறேன். இங்க கதவு வேலை நடக்குது," என்று சொல்லி வைத்தாள். பன்னிரண்டு கால் சுற்று ஆனதும் நெவ் திருகுகளை இறுக்கினான், ஒன்றுக்கு இரண்டு முறை. கீழே இறங்கி, மூடியிருந்த கதவைத் தொட்டான்.

"கயிறு இழுத்திருக்கு, மோட்டார் பிடிக்கல. நீங்களே தூக்கிப் பாருங்க. ஒரு கை போதும். பாதியில கொண்டுவந்து விட்டுடுங்க."

கார்மெல் ஒரு கையால் தூக்கினாள். இடுப்பு உயரம் வந்ததும் கையை எடுத்தாள். கதவு அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வெளியிலிருந்து வெயில் அவர்கள் கால் வரை வந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். தள்ளின இடத்தில் நின்றது.

"இப்ப இதுல ஒரு குறையும் இல்லையா?"

"இல்ல."

"பிளக்?"

"கிளிப் போட்டுட்டேன். இனிமே அதை யாரும் பிடுங்க முடியாது."

"அப்ப, நீ திரும்பி வர்றதுக்கு ஒரு காரணத்தைக்கூட விட்டு வைக்கல."

நெவ் மேலே ஸ்பிரிங்கைப் பார்த்தான், உருளைகளைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான். நேர்மையாக யோசித்துப் பார்த்தான். "இல்ல," என்றான்.

"அப்படின்னா போகாத," என்றாள் கார்மெல். "நானும் போகல."